வளைந்த காசும் வரிப்பெட்டியும்

தலைமை ஏற்றிருக்கும் திருச்சபை மூப்பர் டீக்கன் ஹாஸ்கல் அவர்களே, நோவா ஸ்கோஷியாவின் உப்புக் காற்றில் தலை நரைத்த பெரியோர்களே, மீன் பிளந்து, மீன் உலர்த்தி எங்களை ஆளாக்கிய அன்னையர்களே, இன்று சன்னல் பக்கம் திரும்பவே தயங்கும் என் தோழர்களே, படகுத் தச்சன் ஜேபஸின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக.

நான் காசைப் பற்றிப் பேச வந்தேன். நமக்குக் காசென்றால் என்ன? கருவாடு. செருப்புக்கும் கருவாடு, பாதிரியாருக்கும் கருவாடு, வைத்தியருக்கும் கருவாடு. சிரிக்காதீர்கள் வைத்தியரே, போன மாதம் நான் தந்தது சற்று நாறியதை அறிவேன். ஆனால் வீட்டுக்கொரு வெள்ளிக்காசு உண்டு. கல்யாணத்தன்று கணவன் அந்த ஆறு பென்ஸ் காசைப் பல்லால் கடித்து, கட்டைவிரலால் வளைத்து, 'திரும்பி வருவேன்' என்று மனைவி கையில் வைக்கிறான். வளைந்த காசு கடையில் செல்லாது. அது காசல்ல, வாக்கு.

இந்த ஆண்டு லண்டனிலிருந்து வந்ததே ஒரு சட்டம்! முத்திரைத்தாள் இல்லாமல் எந்தப் படகும் துறையை விட்டு நகரக் கூடாதாம். அதற்கான வரி கருவாட்டில் கூடாதாம், கடன் எழுதிய கைச்சீட்டில் கூடாதாம், வெள்ளியில்தான் வேண்டுமாம். வெள்ளி விளைகிற ஊரா இது?

மீன்பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கிய எல்கானா திரும்பவில்லை. அவனைத் தேடிப்போக அவன் மனைவி கெஸியாவின் தம்பி படகோடு நின்றான். தாள் இல்லை. கெஸியா தன் வளைந்த காசை நீட்டினாள். ராஜாவின் முகம் மடங்கிய காசு வேண்டாம், நிமிர்த்திக் கொண்டு வா என்றார் வரி அதிகாரி. கணவனைத் தேடுவதற்குக் கணவன் தந்த வாக்கையே நிமிர்த்த வேண்டும். இப்படியொரு கொடுமையை எந்தத் தாயாவது கேட்டதுண்டா?

கொல்லன் ஓபேத்தின் பட்டறையில் நானும் இருந்தேன். சம்மட்டி விழுந்தது, சத்தம் எழவில்லை. காசுக்கடியில் தண்ணீர் கசிந்தது. ஓபேத் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு என்றான். அவன் கை நின்றது.

"அடிங்கண்ணே. அவரு வந்து என்னைத் திட்டட்டும்" என்றாள் கெஸியா. நிமிர்ந்த காசு வரிப்பெட்டிக்குள் விழுந்தது, தம்பி தாளோடு புறப்பட்டான்.

வந்தான். பாறைத்தீவு ஒன்றிலிருந்து தம்பி எல்கானாவை உயிரோடு மீட்டு வந்தான். ஊரே ஆர்ப்பரித்தது. கரையிறங்கிய எல்கானாவோ, கைநீட்டி நின்ற மனைவியைக் கடந்தான். கூடியிருந்த நம்மைக் கடந்தான். நேரே வரி அலுவலகத்துக்குள் நடந்தான். பெட்டியின் முன் நின்று சொன்னான்:

"கெஸியா, வந்துட்டேன்."

அன்றிலிருந்து அவன் அங்கேயே நிற்கிறான். மனைவி ஊட்டினால் உண்கிறான். 'நீங்க யாரும்மா' என்று கேட்கிறான். வாக்கு எங்கே போனதோ, வாக்குத் தந்தவனும் அங்கே போனான்!

வேறொரு வெள்ளிக்காசு தந்தால் கெஸியாவின் காசை மாற்றித் தருவதாக அதிகாரி சொன்னார். அதோ அமர்ந்திருக்கும் டார்கஸ், கணவன் கடலில் இருக்கும்போதே, தன் கல்யாணக் காசை எடுத்து நீட்டினாள். கெஸியா அவள் விரல்களை மூடிவிட்டாள்.

"வேணாம்க்கா. என் வீட்டுக்காரர் திரும்பணும்னு உன் வீட்டுக்காரர் தொலையணுமா?"

இன்று அந்தப் பெட்டி லண்டன் கப்பலில் ஏறுகிறது. பெட்டி போனால் எல்கானா கரையில் நிற்பானா? என்ன முணுமுணுப்பு பின்வரிசையில்? பெட்டியைத் தொட்டால் தூக்கா? உண்மைதான் அண்ணே, எனக்கும் கழுத்து ஒன்றுதான். ஆனால் இன்று கெஸியாவின் காசு, நாளை டார்கஸின் காசு, மறுநாள் உங்கள் வீட்டுக் காசு. அத்தனை வாக்கும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால், நம் ஆண்கள் எந்தத் துறைக்குத் திரும்புவார்கள்? எவள் பெயர் சொல்லி எதன் முன் நிற்பார்கள்?

சன்னலோரத் தாய்மார்களே, இப்போது பாருங்கள். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். எல்கானா அதன் பின்னால் நடக்கிறான். அவன் பின்னால் கெஸியா நடக்கிறாள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. டீக்கன் ஐயா, கூட்டத்தை முடிக்க வேண்டாம், துறைக்கு மாற்றுங்கள். ஓபேத், சம்மட்டியை எடு. பெட்டியை நீ உடை. காசை எல்கானாவின் கட்டைவிரல் மறுபடி வளைக்கட்டும்.

வணக்கம். எழுந்திருங்கள், போகலாம்.