டீசலுக்கு அடியில்

— கையை எடு அண்ணே, நான் திருகுறேன். நீ பாட்டிலை மட்டும் ஆடாம பிடி.

— பாப்பா, பதினோரு மணிக்கு லாரியை வாங்குற ஆளு வண்டி எடுக்க வந்துடுவார். முதல்ல ஸ்டார்ட் ஆகட்டும், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்.

— வீட்டைவிட்டுக் கிளம்பி ரெண்டு தெரு தாண்டல, அதுக்குள்ள நின்னுபோச்சு. இதை எப்படி அவர்கிட்ட ஓட்டிக் காட்டுவே? இரு, இரு, வருது பாரு.

— டீசல்தானே வருது.

— பாட்டிலை வெயிலுக்கு நேரா தூக்கு. அடியில என்ன தெரியுது?

— நிறமே இல்லாம, கண்ணாடி மாதிரி.

— மேல மஞ்சளா நிக்கிறது டீசல். அடியில நிக்கிறது தண்ணி. டீசலைவிடக் கனம், அதான் பில்டர் கிண்ணத்துல கீழ போய் உட்கார்ந்துக்குது. அதை வடிக்கத்தான் இந்தத் திருகையே வெச்சிருக்கான்.

— இருபத்திரண்டு வருஷமா லாரி ஓட்டுறேன் தாயி. எனக்கே பாடம் எடுக்குறியா?

— உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நடுக்காட்டுல நின்னாலும் அஞ்சு நிமிஷத்துல நீயே வடிச்சுட்டுப் போறவன். இன்னைக்கு மட்டும் ஏன் பில்டரைத் தொடாம எனக்கு போன் பண்ணினே?

— புதுச் சட்டை. கறை ஆயிடும்னுதான். அதெல்லாம் விடு.

— சட்டையா? சரி, விட்டேன். இந்தப் பாட்டில் ரொம்பிடுச்சு, அடுத்ததைக் கொடு.

— இன்னுமா வருது?

— நிக்கவே மாட்டேங்குது. அண்ணே, கேள்வி ஒண்ணு. இவ்வளவு தண்ணி எங்கேயிருந்து வந்தது?

— எங்கேயிருந்து வந்தா என்ன? வடிச்சாச்சு, போச்சு. விக்கப் போற வண்டிதானே.

— உனக்குப் போச்சு. எனக்குப் போகல. போன வாரம் அவர் என் பட்டறைக்கே வந்து, “இன்ஜின் எப்படிம்மா”ன்னு கேட்டார். கண்ணை மூடிக்கிட்டு எடுங்க, நான் பொறுப்புன்னு சொன்னேன். பொம்பளை மெக்கானிக்னு முகத்தைச் சுளிக்காம என் பேச்சை நம்பின ஆளு. நாளைக்கு அவர் வண்டி ஏத்தத்துல நின்னா, யார் பேரு கெடும்?

— மழைத் தண்ணி இறங்கியிருக்கும்.

— மழை பெஞ்சு இருபது நாளாச்சு.

— மூடியில ரப்பர் போயிருக்கும்.

— அந்த ரப்பரைப் போன மாசம் மாத்தினதே நான்தான். இப்பவும் விரலை வெச்சுப் பார்த்தேன், கெட்டியா இருக்கு.

— டேங்க் பாதி காலியா நின்னா உள்ள வேர்க்கும்னு நீயே சொல்லுவியே.

— வேர்க்கும். அது ரெண்டு ஸ்பூன், மூணு ஸ்பூன். பாட்டில் கணக்குல வேர்க்காது.

— அப்போ பங்க்ல கலந்து ஊத்தியிருப்பான்.

— நீ நேத்து டீசல் போட்ட அதே பங்க்ல, உனக்குப் பின்னாடி நின்னு போட்டவன் நம்ம மணல் லாரிக்காரன். வர்ற வழியில நிறுத்திக் கேட்டுட்டேன். அவன் வண்டி ஜம்முனு ஓடுது.

— அதையும் கேட்டுட்டியா?

— கேக்காம எப்படி? இந்தப் பாட்டிலைப் பாரு. துரு இல்ல, சேறு இல்ல. நாள்பட்ட தண்ணின்னா கறுத்து, கொழகொழன்னு இருக்கும். இது நேத்தோ இன்னைக்கோ குழாயில பிடிச்ச தண்ணி. யாரோ ஊத்தியிருக்காங்க. டேங்க் மூடிக்கு எத்தனை சாவி?

— ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு வீட்டுல ஆணியில தொங்குது.

— உனக்கு ஆகாதவங்க யாராவது?

— அதெல்லாம் விடு பாப்பா.

— நீ ரெண்டு தடவை விடுன்னு சொன்னா, அங்கதான் ஏதோ இருக்கு. சின்ன வயசுலேர்ந்து பார்க்குறேன்.

— திட்டாம கேக்குறியா?

— சொல்லு.

— நான்தான் ஊத்தினேன்.

— நீயா? பிள்ளையைவிட இந்த லாரியைத்தான் நல்லா கவனிக்கிறேன்னு ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குது. நீயா தண்ணி ஊத்தினே?

— காலையில டீ குடிக்கிறதுக்கு முன்னாடி. ஒரு டம்ளர். டீசல்ல தண்ணின்னு காட்டுற மஞ்ச விளக்கு எரியும், இன்னைக்கு முடியாது, அடுத்த வாரம் வாங்கன்னு அந்த ஆளுகிட்ட சொல்லிடலாம்னு பார்த்தேன்.

— அடுத்த வாரம் வந்தா?

— அடுத்த வாரத்துக்கு வேற எதையாவது யோசிச்சிருப்பேன்.

— அண்ணே, விக்க மனசில்லாதவன் எதுக்கு விக்கிறே?

— உங்க அண்ணிக்காகத்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து, எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு கேட்டே ஓய்ஞ்சு போனா. போன தடவை சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். திரும்பி வந்து நிக்கிறேன், அவ தட்டை வெச்சா, எதிர்ல உட்கார்ந்து நான் சாப்பிடுறதையே பார்த்துக்கிட்டிருந்தா. சண்டை போட்டிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். கையைக் கழுவினதும், வண்டியை வித்துடுறேன்னு சொல்லிட்டேன்.

— அண்ணி என்ன சொன்னாங்க?

— உங்க இஷ்டம்னா. சந்தோஷத்துல பேச்சு வரலைபோலன்னு நினைச்சுக்கிட்டேன். முதல் தேதியிலேர்ந்து குடோன்ல வேலை. ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு மின்விசிறி.

— இரு, இரு. ஒரு டம்ளர்னா சொன்னே?

— ஒரே டம்ளர்.

— ஒரு டம்ளருக்கு வண்டி நிக்காது. பில்டர் கிண்ணமே அதைப் பிடிச்சு வெச்சுக்கும். விளக்கு எரியும், அவ்வளவுதான்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா நட்ட நடுத்தெருவுல நின்னுடுச்சு. டீசல் பம்பையே கெடுத்துட்டேனோன்னு பயந்துதான் உன்னைக் கூப்பிட்டேன்.

— பம்புக்கு ஒண்ணும் இல்ல, உடனே நின்னதால தப்பிச்சுது. ஆனா இங்கேயே ரெண்டு பாட்டில் வந்திருக்கு. டேங்க் அடியில இருக்கிற போல்ட்டையும் கழட்டுறேன். வாளியை இப்படித் தள்ளு.

— மெதுவா, மெதுவா.

— பாரு. பாரு அண்ணே. பாதி வாளிக்கு வெறும் தண்ணி. நிஜத்தைச் சொல்லு, எவ்வளவு ஊத்தினே?

— நம்ம சின்னவ மேல சத்தியமா ஒரு டம்ளர்தான். அதுவும் பாதி வெளியில சிந்திடுச்சு.

— அப்போ மீதி? பூட்டின டேங்குக்குள்ள தானா ஊறுமா? அதோ, அண்ணி ஓடி வர்றாங்க. நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கிறேன்.

— ஏங்க, அவர் வந்துட்டாருங்க. நாற்காலி போட்டு உட்கார வெச்சுட்டு வர்றேன். வண்டி நின்னுபோச்சாமே?

— டீசல்ல தண்ணி அண்ணி. வடிச்சுக்கிட்டிருக்கேன்.

— சரி பண்ண முடியாதுல்ல? முடியலைன்னா பரவாயில்ல பாப்பா, நான் போய்ப் பக்குவமா சொல்லி அவரை அனுப்பிடுறேன்.

— முடிஞ்சுபோச்சு அண்ணி. கை பம்பை அடிச்சு, உள்ள புகுந்த காத்தை எடுத்துட்டா ஸ்டார்ட் ஆயிடும். பத்து நிமிஷம்.

— பத்தே நிமிஷமா?

— ஏன் அண்ணி, முகம் இப்படி விழுந்துபோச்சு?

— ஒண்ணும் இல்லையே. ஓடி வந்தேன்ல.

— அண்ணி, கேள்வி ஒண்ணு. வண்டியை விக்கிறதுல உங்களுக்குச் சந்தோஷம்தானே?

— இவரு முடிவு பண்ணிட்டாரு. நான் சொல்ல என்ன இருக்கு? ஆனா பாப்பா, ஒரு வாரமா இவரு ஸ்டியரிங்கைத் துடைக்கிறாரு. துடைச்சதையே துடைக்கிறாரு. எப்ப வருவீங்கன்னு நான் கேட்டது வரணும்னுதான். போகாதீங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே. குடோன்ல இவரை நாற்காலியில உட்கார்த்தி வெச்சுட்டு, சாயங்காலம் யார் முகத்தைப் பார்ப்பேன் நான்?

— இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்குப் புத்தி கெட்டுப்போய் டேங்குல ஒரு டம்ளர் தண்ணியை ஊத்துறேன்?

— ஏங்க, நீங்களும் ஊத்துவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, நான் அரைக் குடத்தைக் கவிழ்த்திருக்க மாட்டேனே.