பன்றிக்குக் கட்டிய கம்பி

பெயர்: மெல்ரொன் எமில்டா. வயது: 36. தொழில்: கருவாடு போடுதல். சமயம்: ரோமன் கத்தோலிக்கம். முகவரி: முள்ளிவாய்க்கால் கிழக்கு, முல்லைத்தீவு. வாக்குமூலம் வைத்தியசாலையில் வைத்து எடுக்கப்பட்டது.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர் கொன்ஸ்ரன்ரைன் மெல்ரொனுடன் வசிக்கிறேன். அவர் கடற்றொழில் செய்பவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வள்ளத்தைத் திருத்துவதற்காகக் கரையில் ஏற்றியிருந்தபடியால் இந்தக் கிழமை அவருக்குத் தொழில் இல்லை. கலியாணம் கட்டிய பிறகு கோயில் திருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் தவிர நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. "சும்மா ஊர் பாக்கப் போவம். எங்க நல்லாயிருக்கோ அங்க நிப்பாட்டுவம்" என்று அவர் சொன்னதால் இன்று காலை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் போனோம். கணவர் மெதுவாகவே ஓடினார். ஒரு குளக்கட்டில் எருமைகள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வழியில் ஒரு கடையில் வடை சாப்பிட்டோம். அதன் பின்னர் தர்மபுரத்தில் திரும்பி, கல்மடுப் பக்கம் போகும் கிரவல் றோட்டால் போனோம். இரண்டு பக்கமும் நெல் விளைந்து சாய்ந்திருந்தது. பஸ் யன்னலால் வயலைக் கண்டிருக்கிறேனே தவிர, வரம்பில் நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

அதன் பின்னர் வயலோரம் இருந்த ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். அன்னபாக்கியம் என்ற அம்மா அங்கே தனியாக இருந்து வயல் செய்கிறார். அவரை எங்களுக்கு முன்பின் தெரியாது. கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் அவித்த கச்சான் கடலையும் தந்தார். "பண்டியாலதான் பிள்ளை கரைச்சல். ராராவா முழிப்பு" என்று சொன்னார். கம்பி பற்றி ஏதாவது சொன்னாரா என்று என்னிடம் கேட்கப்பட்டது. சொல்லவில்லை.

வீட்டில் மாதா படத்துக்குக் கட்டுவதற்குக் கொஞ்சம் நெற்கதிர் தருவீர்களா என்று கணவர் கேட்டார். அந்த அம்மா சந்தோசப்பட்டு, "கரையில நிக்கிறதில பிடுங்குங்கோ தம்பி" என்றார். கணவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்த்து, "எமில்டா, சேறு நல்லாக் குளிருது, இறங்கி வாரும்" என்று கூப்பிட்டார். நான் செருப்பு வாரைக் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவர் வரம்பில் குப்புற விழுந்து கிடந்தார். வரம்போரமாக முழங்கால் உயரத்துக்கும் கீழே, சிறு தடிகளில் ஒரு மெல்லிய கம்பி இழுத்துக் கட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

நான் அவரைத் தூக்க ஓடினேன். அன்னபாக்கியம் பின்னால் ஓடி வந்து, "தொடாதை பிள்ளை, கறண்ட்!" என்று கத்தி, என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் விழுந்தேன். அந்த அம்மா குசினிக்குள் ஓடிச் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு வந்து, "விடிய நிப்பாட்டுறனான். இண்டைக்கு மறந்து போனன், ஐயோ, மறந்து போனன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதன் பின்னர் அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். தலை என் மடியில் இருந்தது. கால்களை அந்த அம்மா தன் மடியில் வைத்து, வரும் வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தார். கால்களில் இருந்த சேறெல்லாம் அவருடைய சேலையில் பட்டுவிட்டது. கொண்டுவரும்போதே உயிர் போய்விட்டது என்று டாக்குத்தர் சொன்னார்.

இங்கே ஒருவர் என்னிடம் வந்து, "லைன் கம்பி அறுந்து விழுந்ததெண்டு சொல்லுங்கோ தங்கச்சி, அவா தனிச்ச மனுசி" என்றார். அவர் யாரென்று தெரியாது. கணவரின் தம்பி போனில், அவளைச் சும்மா விடக்கூடாது என்றார். நான் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறேன். கம்பியைக் கட்டியது அன்னபாக்கியம்தான். நிற்பாட்ட மறந்ததும் அவர்தான். என்னைத் தள்ளி விழுத்தியிராவிட்டால் நானும் இப்போது கணவருக்குப் பக்கத்தில் கிடந்திருப்பேன். அதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மீது முறைப்பாடு உண்டா என்று கேட்கப்பட்டது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

கணவரின் தாயார் புனிதம் முல்லைத்தீவில் இளைய மகனான அந்தத் தம்பியுடன் இருக்கிறார். மூத்த மகனைக் கடலில் இழந்தவர். தான் இங்கு வந்து பார்த்த பிறகு தாயாருக்குத் தானே சொல்வதாகத் தம்பி சொல்லியிருந்தார். நான் பிரேத அறை வாசலில் இருந்தபோது மாமி எனக்குப் போன் எடுத்தார். "காத்து பலமா இருக்குப் பிள்ளை. அவன் கடலுக்குப் போகேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை மாமி, போகேல்லை" என்றேன். "அப்பாடா, மாதாவே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மெ. எமில்டா