மூணு புள்ளியும் ஒரு ஜோடி ஷூவும்

பரிசெல்லாம் மேசையில அடுக்கியாச்சு, தெரியுது. பிள்ளைங்க கண்ணு அங்கதான் இருக்கு, அதுவும் தெரியுது. கொஞ்சம் பொறுங்க... ஒரு சின்னக் கதை மனசுல கிடக்கு. அதைச் சொல்லாம இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனசில்லை.

மரிவிக்னு ஒரு கணக்கு டீச்சர். பிலிப்பைன்ஸ்ல பிறந்தவங்க. நம்மள மாதிரியே பிழைக்க அமெரிக்கா வந்தவங்க. என் தோழி பூங்கோதை அவங்க வகுப்புலதான் படிச்சா. அப்புறம் ரெண்டு வீடும் நெருங்கிப் பழகிச்சு. அவ சொல்லித்தான் எனக்கு இந்தக் கதை தெரியும்.

இங்க வேலை கிடைச்சப்போ மரிவிக்கோட மகள் அமிஹானுக்கு ஏழு வயசு. அவளை ஊர்லயே கணவர்கிட்ட விட்டுட்டு வந்தாங்க. ஏன்? முதல்ல தற்காலிக வேலை. அது உறுதியானாத்தான் குடும்பத்தைக் கூப்பிட முடியும்.

அவங்க ஊர்க்காரங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுல இருக்கிறவங்க வீட்டு மூலையில ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருக்கும். சோப்பு, சாக்லேட், டவல், டப்பா மீன்... கண்ணுல படுறதையெல்லாம் வருஷம் முழுக்க அதுல போட்டுக்கிட்டே இருப்பாங்க. கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர்ற மாதிரி கப்பல்ல அனுப்புவாங்க.

மகளுக்கு ஷூ வாங்கணும். நீங்களும் நானும்னா என்ன செய்வோம்? "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா எடு!" அவ்வளவுதானே? ஆனா இவங்க கணக்கு டீச்சராச்சே! வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அப்பா மகளைத் தாள் மேல நிக்க வச்சு, பாதத்தைச் சுத்திப் பென்சிலால வரைஞ்சு, இங்க வர்றவங்க கையில கொடுத்தனுப்புவார். அப்படி வந்தது மூணு பாதம். மரிவிக் அளந்தாங்க. வரைபடத் தாள்ல மூணு புள்ளி வச்சாங்க. ஸ்கேலை வச்ச மாதிரி நேர்கோடு! அந்தக் கோட்டை நீட்டி, கிறிஸ்துமஸ் அன்னிக்கு மகளோட கால் எவ்வளவு இருக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வாங்கி அனுப்பினாங்க.

பெட்டி போய்ச் சேர்ந்தது. வீடியோவுல மகள் ஷூவைப் போட்டுப் பார்க்கிறா... குதிகால் வெளிய நிக்குது.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாரு கண்ணு..."

"நானாய்..." அம்மாவை அவங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. "நானாய், நீங்க போன வருஷத்துப் பொண்ணுக்கு வாங்கி அனுப்பியிருக்கீங்க."

சொல்லிட்டுச் சிரிச்சிருக்கா அந்தப் பொண்ணு. இந்த அம்மாவும் சிரிச்சிருக்காங்க... போனை வைக்கிற வரைக்கும்.

அடுத்த மாசம் தலைமை ஆசிரியர் வந்து இவங்க வகுப்பைப் பார்க்கப் போறார். "அவங்க பேசுற இங்கிலீஷ் புரியலை"ன்னு ஒண்ணு ரெண்டு பெற்றோர் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தாங்க. அவர் சரின்னு எழுதினா வேலை உறுதி, மகள் வருவா. இல்லைன்னா... எல்லாம் முடிஞ்சது. அவர் வர்றதுக்கு முதல் நாள் கூட வேலை பார்க்கிறவங்க சொன்னாங்க, "நாளைக்கு வம்பு வேண்டாம் மரிவிக். எல்லாரும் சரியா போடுற கணக்கா பார்த்துக் கொடு."

மறுநாள் தலைமை ஆசிரியர் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். மரிவிக் போர்டுல என்ன வரைஞ்சாங்க தெரியுமா? அந்த மூணு புள்ளி!

"என் மகளோட பாதம். போன கிறிஸ்துமஸுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? கண்டுபிடிங்க."

பிள்ளைங்க கோடு போட்டாங்க, நீட்டினாங்க. எல்லாருக்கும் ஒரே விடை. ஒரே சந்தோஷம்!

"எல்லாருக்கும் தப்பு"ன்னாங்க டீச்சர்.

"மிஸ்! இது போங்கு!" ஒரு பையன் எழுந்தே நின்னுட்டான். "நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதானே போட்டோம்?"

"ஆமா. நானும் அப்படித்தான் போட்டேன். எனக்கும் இதே விடைதான். ஷூ வாங்கி அனுப்பினேன், பத்தலை. இப்போ சொல்லுங்க... எங்க தப்புப் பண்ணினோம்?"

நம்ம பூங்கோதை மெதுவா கையைத் தூக்கினா.

"மிஸ்... மூணே மூணு புள்ளிதான் இருக்கு."

"ஏன் மூணுதான் இருக்கு?"

அவ தயங்கியிருக்கா. "நீங்க... நீங்க அங்க இல்லை மிஸ்."

நினைச்சுப் பாருங்க. அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

மரிவிக் போர்டைப் பார்த்துத் திரும்பினாங்களாம். சாக்பீஸை எடுத்து மூணு புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டு, மூணாவது புள்ளியில நிறுத்தினாங்க. அதுக்கு அப்பால புள்ளி புள்ளியா நீட்டினாங்க. "இதுவரைக்கும் நமக்குத் தெரியும். இதுக்கு மேல நம்ம ஆசை. கோடு நேராத்தான் போச்சு. குழந்தை அப்படி வளரலை."

வகுப்பு முடிஞ்சது. தலைமை ஆசிரியர் வந்தார். "தப்பா வரும்னு தெரிஞ்ச கணக்கை, நான் வந்து உட்கார்ற அன்னிக்கா கொடுப்பீங்க?"

"சார், சரியான விடையெல்லாம் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துலயே இருக்கு. அதுக்கு என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டிருக்க வேண்டாமே."

அவர் சிரிக்கலை. ஆனா கையெழுத்துப் போட்டார். அடுத்த கோடை விடுமுறையில, அந்த அப்பாவும் மகளும் வந்து சேர்ந்தாங்க.

பெத்தவங்களே, இந்தக் கதையை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? தான் தப்புப் பண்ணினதைத் தைரியமா போர்டுல எழுதினாங்களே, அதுக்காக மட்டும் இல்லை. நம்ம வீட்டுல என்ன நடக்குது? முதல் பரீட்சை ஒரு புள்ளி. ரெண்டாவது ஒரு புள்ளி. மூணாவது ஒரு புள்ளி. உடனே ஸ்கேலை எடுத்துடுறோம்! "இவன் டாக்டர்தான்." "இவளுக்குக் கணக்கு வராது." மூணே புள்ளியில ஒரு பிள்ளையோட ஆயுசு முழுக்கக் கோடு போட்டுடுறோம். நாளைக்கு அந்தப் பிள்ளை வேற எங்கயோ வளர்ந்து நிப்பான். நாம போன வருஷத்துப் பிள்ளைகிட்ட பேசிக்கிட்டிருப்போம்.

அடுத்த புள்ளியை வைக்கணும்னா பக்கத்துல இருக்கணும். மரிவிக்குக்கும் மகளுக்கும் நடுவுல ஒரு சமுத்திரம் இருந்தது... நமக்கும் நம்ம பிள்ளைக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு சாப்பாட்டு மேசை. அவ்வளவுதான்!