குருட்டு அம்பயர்

டேரல்: கார்க் கண்ணாடி மேல இருக்க அந்த வெயில் தட்டிய இறக்கிவிடுண்ணே. சொட்டு மருந்து போட்டிருக்காங்க, கூசுது.

நெவில்: இறக்கியாச்சு. பெண்டிகோ ஊர்க் கண் டாக்டர் என்னதான்டா சொன்னாரு?

டேரல்: இடது கண்ணுல பாதிப் பார்வை போச்சாம். போனது போனதுதான்.

நெவில்: முப்பத்தாறு வயசுல யாருக்குடா கண் அழுத்தம் வருது?

டேரல்: என்னை மாதிரி கிட்டப்பார்வைக்காரனுக்கு வருமாம். கண்ணுக்கு நிறம் குடுக்குற திரை பின்பக்கமா தொய்ஞ்சு உரசுதாம். உரச உரச நிறம் தூளா உதிருது. கண்ணுக்குள்ள தண்ணி வடியிற சல்லடையில போய் அடைச்சுக்குது. அப்புறம் அழுத்தம் ஏறி நரம்பு சாகுது.

நெவில்: உன் நீலக் கண்ணுல உதிர என்ன இருக்கு?

டேரல்: நானும் கேட்டேன். நீலக் கண்ணுக்கும் பின்பக்கம் கறுப்புதானாம்.

நெவில்: அப்போ ஓடுறது...

டேரல்: குலுங்கினா இன்னும் உதிருமாம். நான் சனிக்கிழமைதோறும் ஃபுட்பால் அம்பயரா விசிலோட பதிமூணு கிலோமீட்டர் ஓடுறவன். ஆட்டத்தோட நாலு பாகத்துல மூணாவது முடிஞ்சா விளக்கச் சுத்தி வானவில்லு தெரியும். வேர்வைன்னு நெனச்சேன்.

நெவில்: யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

டேரல்: யார்கிட்ட? வேலியோரம் நிக்கிற முந்நூறு பேரும் வாராவாரம் 'குருட்டு அம்பயரே'ன்னுதான் கத்துறான். நானே போய், ஆமாய்யா, நெசந்தான்னு சொல்லவா?

நெவில்: சிரிப்பு வேற காட்டாத...

டேரல்: கண்ணாடிக் கடையில நம்ம லீக் அம்பயருக்கெல்லாம் வருஷா வருஷம் சோதிப்பாங்கல்ல. அங்க சோதிக்கிற அம்மா போன மார்ச்சே கண்டுபிடிச்சிருச்சாம். அன்னிக்கே சொட்டு போட்டிருந்தா இந்தப் பாதி தங்கியிருக்கும்ங்கிறாரு டாக்டர்.

நெவில்: இரு, ஜன்னல ஏத்துறேன். காத்து அடிக்குது.

டேரல்: ரிப்போர்ட்ட லீக்குக்கு அனுப்பினாங்களாம். எந்த ஆட்டத்துக்கு எந்த அம்பயர்னு பட்டியல் போடுறவர் பேருக்கு.

நெவில்: நாந்தான்டா பட்டியல் போடுறேன்.

டேரல்: ம்.

நெவில்: மொத்த லீக்குக்கும் மூணே அம்பயர்டா. நீயும் நின்னுட்டா பாதி ஆட்டம் ரத்து. இறுதி ஆட்டம் முடியட்டும், சொல்லிக்கலாம்னு... மேஜை டிராயர்ல வச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல. வேணும்னா என்னை அடிச்சுக்கோ.

டேரல்: அடிக்க என்ன இருக்கு. ஜூன்லயே ஸ்பேர் விசில் தேடி அந்த டிராயரத் திறந்தேண்ணே, படிச்சேன். இறுதி ஆட்டத்துக்குப் பட்டியல் போடுறப்பவாவது நீ சொல்லுவியான்னு பாத்தேன். நீ என் பேரைப் போட்டே. எனக்கும் அந்த ஆட்டம் வேணுமா இருந்துச்சு... பேசாம ஓடிட்டேன்.