நீலத் தாள்

ஒதீல் காலைக் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்ளமாட்டாள், டாக்டர். உங்கள் தாதிகளிடம் சொல்லிவையுங்கள். இதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

என் பையில் இருந்த தாள்களைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

ருவானில் ரொட்டிக் கடைக்காரர் மகளாகப் பிறந்தவள், பாரிஸுக்கு வந்து முப்பத்தெட்டுப் படங்களில் கதாநாயகி ஆனாள். அத்தனை படத்துக்கும் அவளுக்கு வசனம் வாசித்தவள் நான். இமைக்கு மை தீட்டும்போது அவள் கண்ணை மூடியிருப்பாள். நான் வாசிப்பேன். இரண்டு முறை கேட்டால் போதும், மனதில் ஏறிவிடும். தாளைத் தொடவே மாட்டாள்.

போன வசந்தத்தில் ரோமிலிருந்து ஒரு பெரிய பட வாய்ப்பு வந்தது. "நீ ரொம்ப உழைச்சிட்ட, யுகெத். ரோமுக்கு வேற ஒரு பொண்ணு வரா. நீ வீட்ல காலை நீட்டி உக்காரு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு வருடமாக அவளைத் தவிர எனக்கு வேறு என்ன இருந்தது?

கையிலிருந்த படம் முடியப் பத்து நாள் இருந்தது. எங்கள் தொழிலில் வசனம் காலையில் மாறும். மாறியது நீலத் தாளில் வரும். நான் பழைய வெள்ளைத் தாளையே வாசித்தேன். கேமரா முன்னால் அவள் அதையே பேசினாள்.

"அம்மாவுக்குப் போன படத்து வசனம் வருது போல" என்று விளக்குக்காரன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. நீலத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"நீ இதையா வாசிச்ச?"

"இதையேதான், ஒதீல்."

ஏழாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு என்னமோ ஆகுது, யுகெத். எங்கம்மாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"நான் இருக்கேன்ல" என்றேன். எனக்கும் அழுகை வந்தது.

ரோமுக்கு வேறு நடிகை போனாள். ஒதீல் தானாகவே உங்களிடம் வந்து சேர்ந்தாள். எட்டு மாதமாக நீங்கள் மாத்திரை கொடுக்கிறீர்கள், அதில் அவளுக்குக் கை நடுங்குகிறது. வைத்திய விஷயத்தில் தலையிட நான் யார்?

இப்போது வியாழன்தோறும் வந்து நீலத் தாளையே வாசித்துக் காட்டுகிறேன். நேற்று அவள் ஒரு சொல் பிசகாமல் முழுவதையும் ஒப்பித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"தப்பு, ஒதீல்" என்றேன்.

வெகுநேரம் அழுதாள். சரி என்று சொல்லியிருந்தால் நேற்றே இங்கிருந்து எழுந்து போயிருப்பாள், டாக்டர். அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வது?