கண்ணாலப் போட்டோவுல இருந்த பல்லு

வலியா? வலியெல்லாம் இல்ல டாக்டர். எலும்புல வெச்ச திருகாணி நல்லா புடிச்சினுதான் கீது, தேங்கா பத்தகூட கடிக்கிறேன். மேல மாட்டிக்கீற பல்லுதான் பேஜாரு.

ஆமா, நீளந்தான். கலரும் பாருங்க. பக்கத்துப் பல்லுங்கல்லாம் டீ குட்ச்சி டீ குட்ச்சி ஒரு கலர்ல கீது, இது மட்டும் பாத்ரூம் டைல்ஸு. ஈறாண்ட வேற கருப்பா ஒரு கோடு. எங்க கம்பெனில உலகநாதன்னு ஒருத்தன், லேத்துல எனக்குப் பக்கத்து மிசினு. கரண்ட் போனா, என்னியக் காட்டி, கிறிஸ்துராஜ கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கப்பான்றான். அன்னிக்கு ஃபோர்மேனாண்ட லீவு கேட்டு நிக்கிறேன், அவரு என் மூஞ்சியவே பாக்கல. பல்லையே பாத்துகினு சரின்ட்டாரு. இந்தப் பல்லால வந்த லாபம் அது ஒண்ணுதான்.

எப்டி உழுந்துச்சா? போன வருசம், தொண்ணூத்தேயுல. ஆவடி ஸ்டேசன்ல ட்ரெயின் ஏறச்சொல்ல, முன்னாடி ஒருத்தன் டிபன் கேரியர தோள்ல மாட்டிகினு சடார்னு திரும்பினான். என் பல்லு போச்சு. அவன் இன்னா பண்ணான்றீங்க, கேரியரத் தொறந்து சாம்பாரு சிந்திச்சான்னு பாத்தான்.

அப்பால டவுன்ல ஒரு டாக்டரு. திருகாணிய வெச்சிட்டு, பயய பல்லு மாதிரியே செய்யணும், சிரிக்கிற போட்டோ ஒண்ணு எத்துகினு வான்னாரு. எங்க ஊட்ல போட்டோன்னா மாதா கோயில்ல எட்த்த ஞானஸ்நானம், புதுநன்மை, அவ்ளோதான். எல்லாத்துலயும் உம்முனு நிப்போம். பல்லு தெரியிற போட்டோ ஒண்ணே ஒண்ணு, எங்க கண்ணாலப் போட்டோ. எம்பொண்டாட்டி சகாயமேரி செவுத்துலேர்ந்து கயட்டி, தொடச்சி, பேப்பர் சுத்திக் குட்த்தா.

தப்பு அங்கதான் டாக்டர். அந்தப் போட்டோவ எட்த்தவரு, அந்தக் காலத்துல பூந்தமல்லி ஸ்டுடியோல வீரராகவன்னு ஒருத்தரு. மையும் பிரசும் எத்துகினு குந்தினா, போட்டோல மருவ எத்துடுவாரு, மாறுகண்ண நேராக்கிடுவாரு. அதுக்குப் பேரு டச்சிங். என் முன்பல்லு கோணப்பல்லு. பக்கத்துப் பல்லு மேல கால் போட்டுகினு இருக்கும். அத்த நிமித்தி, பெருசா, வெள்ளையா ஒண்ணு வரைஞ்சி உட்டுட்டாரு. இருவது வருசமா செவுத்துல பாத்துப் பாத்து அதான் என் பல்லுன்னு நானே நம்பிட்டேன். டவுன் டாக்டரும் அத்தப் பாத்து அப்டியே செஞ்சி மாட்டிட்டாரு. கருப்பு வெள்ளைப் போட்டோ, அதுல கலரு எங்கேர்ந்து வரும்?

இல்ல டாக்டர், சின்னதாக்கி கலர மட்டும் மாத்தினா பத்தாது. கோணையா வேணும். தெரியும், உங்களாண்ட எல்லாரும் நிமித்தத்தான் வருவாங்க. நான் கோணையாக்க வந்துகீறேன்.

எம்பொண்ணு ஞானகுமாரி, பதினேயு வயசு. அவளுக்கும் அதே கோணப்பல்லு. பருத்திப்பட்டு கோயில்ல பாட்டு குரூப்புல மொத வரிசைல நிப்பா. அப்பன் பல்ல அப்டியே வாங்கினு பொறந்துகீறான்னு பூசைக்கு வர்றவங்கல்லாம் சொல்லுவாங்க, அவளுக்கும் அதுல ஒரு பெரும. புதுப் பல்லு மாட்டின அன்னிக்கு நான் கண்ணாடியாண்ட நின்னு, இப்பதான் மனுசன் வாய் மாதிரி கீதுன்னுட்டேன். அவ பின்னாடி நின்னு ஜடை பின்னிகினு இருந்தா. அந்த ஞாயித்துக்கெயமலேர்ந்து பாடப் போறதில்ல. சோறு துன்னச்சொல்லகூட கைய வெச்சி மறைக்கிறா.

மாதிரிக்கா? அந்தப் போட்டோவ செவுத்துலயே உட்டுட்டு வந்துட்டேன். மாதிரி வெளிய பெஞ்சில குந்தினுகீது, நீலத் தாவணி, வாயில கர்ச்சீப்பு. சொம்மா தொணைக்கு வாம்மான்னுதான் இட்டாந்தேன். நான் சொன்னா கர்ச்சீப்ப எடுக்க மாட்டா. நீங்க டாக்டரு, வாயத் தொறன்னா தொறப்பா.