நந்திக் கொடிக்கு வழி காட்டினேன்

ஓடுகிறேன். முழங்கால் அளவு தண்ணீர். நாலாவது குண்டு தலைக்கு மேல் போகிறது. முதலில் கப்பலில் புகை. ஒரு மூச்சு. பிறகு சத்தம். கரையில் எங்கள் குப்பம் எரிகிறது. என் மனைவி ராபியா அங்கே இருக்கிறாள்.

"ஏலே, கடலுக்கு ஓடாதீக! பனங்காட்டுக்குப் போங்க!" அண்ணன் மீரான் கத்துகிறான். ஐந்தாவது குண்டு. அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை.

இந்தக் கப்பலைக் கொண்டுவந்தவன் நான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனி மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள், வெயில் ஏறும் நேரம். பாம்பனைச் சுற்றிக் கடலெல்லாம் பாறை. தோணியில் முன்னே போய், ஆழம் பார்த்துக் கப்பலுக்கு வழி காட்டுவது என் தொழில். யாழ்ப்பாணத்து அரசர் இராமேஸ்வரம் கோயிலுக்குக் காணிக்கை அனுப்பும் படகில் நந்திக் கொடி பறக்கும். அந்தக் கொடியை நாங்கள் கேள்வி கேட்பதில்லை. வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வழி காட்டியவனுக்கு ஒரு தேங்காய் தருவார்கள்.

அன்று வந்தது பறங்கிக் கப்பல். பார்த்ததுமே அது தெரிந்தது. ஆனால் பாய்மர உச்சியில் நந்திக் கொடி.

யாழ்ப்பாணத்தில் அரியணைக்கு இரண்டு இளவரசர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் பறங்கியரைத் துணைக்கு அழைத்து ஜெயித்தான். தோற்றவனின் தாய் பதினோரு பேரோடு எங்கள் குப்பத்தில் ஒளிந்திருந்தார். ராபியாதான் சோறு போட்டாள். மூன்று நாளுக்கு முன்பே அவர்கள் இராமநாதபுரம் போய்விட்டார்கள். இனி நமக்கென்ன என்று இருந்தேன்.

"கொடிய யாரு வேணாலும் கட்டலாம். யாருன்னு கேட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க," என்றாள் ராபியா. உனக்கென்ன தெரியும் கடலைப் பற்றி என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளினேன். என்ன புத்தி அது?

கப்பல் நங்கூரம் போட்டது. மேலிருந்து பட்டு உடுத்திய ஒருவன் என் தோணிக்குள் தேங்காயைப் போட்டான். வழக்கம் தெரிந்தவன். ஜெயித்த இளவரசன் அவன்தான் என்று பிறகு தெரிந்தது. தேங்காயைக் கையில் எடுக்கிறேன். பீரங்கி வெடிக்கிறது. தோணியைக் கரைக்குத் திருப்பி, தண்ணீரில் குதித்து ஓடினேன்.

பறங்கியர் இறங்கித் தேடினார்கள். அவர்கள் தேடிய தாய் அங்கே இல்லை. கேட்டிருந்தால் போய்விட்டார்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அவர்களும் கேட்கவில்லை.

எண்ணிச் சொல்கிறேன். வீடு பதினாலு. தோணி ஆறு. மீரானோடு சேர்த்து ஆண்கள் ஒன்பது. பெண்கள் நாலு. நாலாவது ராபியா. அடுப்புப் பக்கத்தில் கிடந்தாள். யாரென்று கேட்டீர்களா என்று என்னைக் கேட்க இனி ஆளில்லை.